பெரியபிள்ளை ஆன பிறகு: வன்னிப் பிள்ளைகள் பேணியில் போட்ட கேள்விகள்

கிளிநொச்சி நகரின் ஓரத்தில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் குடியிருப்பு ஒன்றில் சனிக்கிழமை பின்னேரங்களில் பெண்பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேசுகிறேன். முதல் நாள், "மாதவிடாய் பற்றி ஏதும் கேட்க வேண்டுமா?" என்றேன். எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கிழமை ஒரு வெறும் பால்மாப் பேணியின் மூடியைக் கத்தியால் கீறி, உண்டியல்போல வாசலில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பேணி நிறைந்திருந்தது. சில துண்டுகள் அம்மாமாரின் கையெழுத்து. ஒன்று ஓர் அப்பாவுடையது.

நான் வைத்தியர் இல்லை. உடம்பைப் பற்றிய பதில்களை எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் அவர் சிவப்புப் பேனாவால் வெட்டினார். வெட்டியபின் மிஞ்சியவை இவை.

அக்கா, எனக்கு 14 வயது. வகுப்பில் எல்லோரும் பெரியபிள்ளை ஆகிவிட்டார்கள். எனக்கு ஏதும் குறையா?

குறை இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு 11 முதல் 14 வயதுக்குள் வரும். சிலருக்குச் சற்றுப் பிந்தும். 15 வயது முடிந்தும் வராவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். எட்டு வயதுக்கு முன்னரே வந்துவிட்டாலும் அப்படித்தான். இரண்டுக்கும் அரச ஆஸ்பத்திரியில் காசு இல்லை.

ஒரு மாதம் வருகிறது, அடுத்த மாதம் வருவதில்லை. பிறகு இருபது நாளில் வந்து நிற்கிறது. ஏன்?

முதல் இரண்டு வருடங்களுக்கு உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது. ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததின் முதல் நாள் வரை எண்ண வேண்டும். வளரிளம் வயதில் அது 21 நாளிலிருந்து 45 நாள் வரை எதுவாகவும் இருக்கலாம். இரத்தம் இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை போகலாம். மொத்தமாகப் போவது சாதாரணமாக 30, 40 மில்லிலீற்றர்தான். துணியில் பரவும்போது குடம் குடமாகப் போவதுபோலத் தெரியும்.

பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. ஒரு பாட் ஒரு மணித்தியாலத்துக்குள் நனைந்து, அடுத்ததும் அப்படியே நனைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தலைசுற்றி விழும் அளவுக்குப் போனால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதற்கும் காசு இல்லை. ஏழு நாளைத் தாண்டி ஓடினாலும், மூன்று மாதம் தொடர்ந்து வராமல் நின்றாலும் கிளினிக்கில் காட்ட வேண்டும். நின்றதற்குக் காரணம் கர்ப்பமாக இருக்கலாம் என்ற பயம் உங்களுக்கு இருந்தால், அல்லது யாராவது உங்களைத் தொந்தரவு செய்திருந்தால், அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். 1929 சிறுவர்களுக்கான இலக்கம். உங்கள் வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் அழைக்க வேண்டும் என்றில்லை.

காலண்டரில் திகதியைச் சுற்றி வட்டம் போட வெட்கம் என்றால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி என்னவென்று எந்தத் தம்பிக்கும் விளங்காது.

வயிற்றுக்குத்து தாங்க முடியவில்லை. அம்மம்மா "பொறு, கலியாணம் முடிந்தால் சரிவரும்" என்கிறா.

அம்மம்மாவைப் பொறுக்கச் சொன்னவர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கருப்பை தன் உட்சுவரை வெளியே தள்ளச் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கவைக்கும் பொருள் சிலருக்கு அதிகம் சுரப்பதால் வலியும் அதிகம். கலியாணம் இதற்கு மருந்து இல்லை.

அடிவயிற்றில் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி வைப்பது உண்மையாகவே வேலை செய்யும். எழுந்து நடப்பதும் உதவும். பரசிற்றமோல் குளிசையை வயதுக்குரிய அளவில் போடலாம். இபுபுரூபன், மெபனமிக் அசிட் போன்றவை இந்த வலியைக் கூடுதலாகக் கேட்கும். ஆனால் வெறும் வயிற்றில் போடக்கூடாது, தொய்வு (ஆஸ்துமா) அல்லது குடற்புண் உள்ள பிள்ளைகள் வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது. இன்னொன்று: மழைக்காலம் வன்னியில் டெங்குக் காலமும். வலியோடு காய்ச்சலும் இருந்தால் பரசிற்றமோல் தவிர வேறு வலிக்குளிசை வேண்டாம். மற்றவை டெங்குக்காய்ச்சலில் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். உத்தியோகத்தர் சிவப்புப் பேனாவால் எழுதிச் சேர்த்த வரி இது.

குளிசை போட்டும் ஒவ்வொரு மாதமும் பாடசாலைக்குப் போக முடியாமல் படுத்தால், அது பொறுக்க வேண்டிய வலி அல்ல. காட்டுங்கள்.

பாட் நல்லதா, துணி நல்லதா?

பேணியில் ஆறு தரம் வந்த கேள்வி. ஆறு கையெழுத்து.

இரண்டும் நல்லதுதான். எதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் வருத்தம் வருகிறது. 2009 இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் எனக்கு 13 வயது. அம்மா தன் பருத்திச் சேலையை நான்காகக் கிழித்தா. தண்ணீருக்கு வரிசை, கூடாரத்துக்குள் வேறு மூன்று குடும்பம். கழுவிய துண்டை வெயிலில் போட இடமில்லாமல் கூடாரச் சீலைக்கும் தடிக்கும் நடுவில் செருகிவைத்தோம். அது ஒருநாளும் காயவில்லை. புண் வந்தது, கடி வந்தது. துணியைக் குற்றம் சொல்ல நான் மாட்டேன், ஈரத்தைத்தான் சொல்வேன்.

ஆகவே துணி பாவிப்பவர்களுக்கு: பருத்தியாக இருக்கட்டும், நைலக்ஸ் வேண்டாம். முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறவையுங்கள். சுடுதண்ணீர் விட்டால் கறை உறைந்து பிடித்துக்கொள்ளும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். கொடியில் மற்றவர் பார்ப்பார்கள் என்றால் மேலே மெல்லிய துவாய் ஒன்றை விரிக்கலாம். ஆனால் கட்டிலுக்கு அடியிலும் கூரைக்குக் கீழும் ஒளிக்க வேண்டாம். துணி விறைத்துவிட்டால், கழுவியும் மணம் போகாவிட்டால், அதன் வேலை முடிந்தது. அக்காவின் துணியைத் தங்கச்சி பாவிக்கக்கூடாது.

பாட் பாவிப்பவர்களுக்கு: நான்கு மணித்தியாலத்துக்கும் ஆறு மணித்தியாலத்துக்கும் இடையில் மாற்ற வேண்டும், குறைவாகப் போனாலும்கூட. "இன்னும் நிறையவில்லை, வீணாக்கக்கூடாது" என்று காலை ஏழு மணிக்கு வைத்ததோடு பின்னேர ரியூஷனும் முடித்து வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். சித்திரை வெயிலில் சைக்கிள் மிதித்தால் தொடையிடுக்கு உராய்ந்து புண்ணாகும். வாசனை போட்ட பாட் சிலருக்குக் கடிக்கும். அது உசத்தி என்று நினைக்க வேண்டாம்.

வீட்டில் துணியும் பாடசாலைக்குப் பாட்டும் என்று கலந்து பாவிப்பதே எங்கள் ஊர்க் காசுக்கும் தண்ணீருக்கும் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

மாரியில் ஒன்றும் காய்வதில்லையே?

ஐப்பசியிலிருந்து தை வரை இது உண்மையான கரைச்சல். இரண்டு துண்டு கூடுதலாக வைத்திருங்கள். பிழிந்து, உலர்ந்த துவாயில் சுருட்டி அமத்தினால் பாதி ஈரம் போய்விடும். கரண்ட் இருந்தால் அயன் பண்ணுங்கள். சூடு கிருமியையும் கொல்லும். அடுப்படிக் கொடியில் போடலாம், புகைபடாத பக்கத்தில். அரைகுறையாகக் காய்ந்ததை எடுத்துக் கட்டுவதைவிட அந்த மாதத்துக்கு ஒரு பக்கெட் பாட் வாங்குவது மலிவு.

கோடையில் கிணறு வற்றிவிடும். பவுசர் தண்ணீர்தான். எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

அந்த இடத்தைக் கழுவ ஒரு சிறிய வாளி போதும், நாளுக்கு இரண்டு தரம். வெளிப்புறத்தை மட்டும், வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாக. உள்ளே சவர்க்காரமும் டெற்றோலும் விடுவது சுத்தம் அல்ல. உள்ளே இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று புண்ணை வரவழைப்பது. கரையோரத்தில் கிணறு உவர் என்றால் குளிக்க அதைப் பாவியுங்கள், கடைசிக் கழுவலுக்கு நல்ல தண்ணீரில் ஒரு செம்பு ஒதுக்குங்கள். பவுசர் வரும் நாளில் வீட்டில் தண்ணீரைப் பங்கிடுபவர் யாரோ, அவரிடம் அந்த ஒரு வாளியைக் கேட்டு வாங்க வேண்டும். பங்கிடுபவர்கள் இதை வாசித்தால், அவள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பாவித்ததை எங்கே போடுவது? நாய் இழுத்துக்கொண்டு வருகிறது.

ஒரு நாய் ஒரு பிள்ளையை ஒரு வருடம் வெளியே வரவிடாமல் செய்ததைக் கண்டிருக்கிறேன். சிரிப்பதற்கில்லை.

மலசலகூடத்துக்குள் போட வேண்டாம். தண்ணீர் நிற்கும் அந்த வளைந்த குழாயில் பாட் ஊதி அடைத்துவிடும். குழியை இறைக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் காசில் ஒரு வருடப் பாட் வாங்கலாம். குளத்திலோ வாய்க்காலிலோ எறிவது சொல்லத் தேவையில்லை. பேப்பரில் சுற்றி, மூடியுள்ள வாளியில் சேர்த்து, நகரசபை அல்லது பிரதேசசபை வண்டி வரும் இடமென்றால் குப்பையோடு கொடுக்கலாம். வண்டி வராத இடத்தில் வளவின் மூலையில் ஆழமாக ஒரு கிடங்கு வெட்டி, மேலே தகரம் போட்டுக் கல் வைக்கலாம். கிணற்றிலிருந்து தள்ளி வெட்டுங்கள். வெளியார் நடமாடாத பழைய காணியில் கிடங்கு தோண்ட வேண்டாம். கண்ணிவெடி இன்னும் முற்றாக எடுத்து முடியாத மண் இது.

எரிக்கலாமா? நனைந்த பாட் எரியாது, கருகிப் புகையும். அதில் பிளாஸ்டிக் இருக்கிறது, புகை கெடுதி. "இரத்தத்தை எரித்தால் கருப்பை வேகும்" என்பதும் "பாம்பு மணந்தால் பிள்ளை பிறக்காது" என்பதும் கதை. துணியில் இந்தத் தலைவலியே இல்லை என்பது துணியின் பக்கத்தில் நிற்கும் பெரிய நியாயம்.

வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டால்?

மாதவிடாய் வராத ஒருவர்தான் இந்த நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வெள்ளையைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்பது என் சந்தேகம். புத்தகப் பையில் ஒரு பாட், ஓர் உள்ளாடை, பேப்பர் துண்டு, கறுப்புச் சொப்பிங் பை ஒன்று வைத்திருங்கள். கறை பட்டால் அந்தப் பையையோ சுவெற்றரையோ இடுப்பில் கட்டிக்கொண்டு ஆசிரியையிடம் போங்கள். பார்த்த பிள்ளை சத்தம் போடாமல் பின்னால் நடந்து வர வேண்டும். அந்தப் பழக்கத்தை எங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று துண்டுகளில் ஒளிந்திருந்தது. பாடசாலை மலசலகூடத்துக்குப் போகாமலிருக்க, காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கிளிநொச்சி வெயிலில்! சலத்தை அடக்கினால், தண்ணீரும் குடிக்காவிட்டால், சலக்கடுப்பு வரும். எரிவு, அடிக்கடி முட்டுதல், பிறகு நாரிநோவும் காய்ச்சலும். நாரிவரை போய்விட்டால் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். தண்ணீரைக் குடியுங்கள், போங்கள். கதவு பூட்டாவிட்டால் இரண்டு பேராகப் போய் ஒருவர் வெளியே நில்லுங்கள்.

பாட் ஏன் இவ்வளவு விலை? அரசாங்கம் தருகிறதா?

2018 வரை இறக்குமதிப் பாட்டுக்கு எல்லா வரியும் சேர்ந்து 100 சதவீதத்துக்கும் மேலே இருந்தது. அந்த வருடம் ஒரு வரியை எடுத்தார்கள். 2022 நெருக்கடியில் விலை மறுபடி ஏறியது. 2024 இல் வசதி குறைந்த மாணவியர் சுமார் எட்டு இலட்சம் பேருக்கு, தலா 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் கொடுக்கும் திட்டத்தைக் கல்வி அமைச்சு கொண்டுவந்தது. உங்கள் பாடசாலையில் இப்போது எப்படி என்று வகுப்பாசிரியையைக் கேளுங்கள். கேட்பது பிச்சை அல்ல. ஆனால் படிப்பை விட்டுத் தையல் தொழிற்சாலைக்குப் போகும் பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பாடசாலை வவுச்சர் எட்டாது. யாரும் நினைத்துப் பார்க்காத பிள்ளை அவள்.

பெரியபிள்ளை ஆனபோது முட்டையும் நல்லெண்ணெயும் தந்தார்கள். அது நல்லதா?

மிக நல்லது. உழுத்தங்களியும் கத்தரிக்காயும் நல்லதுதான். பச்சை முட்டையை மட்டும் விட்டுவிட்டு அவித்துக் கொடுங்கள். வயிற்றோட்டக் கிருமி அதில் இருக்கலாம். என் முறைப்பாடு வேறு. இரண்டு கிழமை ஊட்டி ஊட்டி வளர்க்கிறோம், மூன்றாம் கிழமையிலிருந்து அவள் அப்பாவும் அண்ணாவும் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிடுகிறாள். இரத்தம் போவதோ இனி முப்பத்தைந்து வருடம், மாதாமாதம்.

களைப்பு, படியேறினால் இளைப்பு, வெளிறிய கண் இமை, மண்ணோ அரிசியோ தின்ன ஆசை: இவை இரத்தச்சோகையாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 12 க்குக் கீழே போனால் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. ஈரல், இறைச்சி, நெத்தலி, முருங்கையிலை, பயறு, கௌபி சாப்பிடுங்கள். முருங்கையிலை வறைக்கு எலுமிச்சம்புளி விட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சோற்றுக்கு மேல் உடனே பிளேன்ரீ குடித்தால் அந்தச் சத்தைத் தேயிலை பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். பாடசாலையில் தரும் இரும்புக் குளிசையை ஜன்னலால் எறியும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: மலம் கறுப்பது அதனால்தான், நோய் இல்லை. சாப்பிட்டபின் போட்டால் குமட்டாது.

வெள்ளைபடுகிறது. நாடி பிடித்துக் கைபார்ப்பவர் உடம்பு உருகுகிறது என்கிறார்.

உருகவில்லை. நிறமில்லாமலோ பால்போலவோ, மணமில்லாமல் படுவது இயற்கை. தயிர்க்கட்டிபோலப் பட்டுக் கடித்தால், மஞ்சள் பச்சையாக நாறினால், அடிவயிறு நொந்தால் கிளினிக். பெரும்பாலும் சில நாள் மருந்தோடு முடிகிற விஷயம்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் அன்று திகதி வருகிறது. தள்ளிப்போடக் குளிசை போடலாமா?

வைகாசி பிறந்தால் பாமசிக்காரருக்கு இந்த வியாபாரம் என்று கேள்விப்படுகிறேன். திகதியைத் தள்ளும் குளிசை இருக்கிறது. அது ஹோர்மோன், மிட்டாய் இல்லை. வைத்தியர் பார்த்து எழுதினால், எப்போதாவது ஒரு தரம், பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் செய்யாது. இரத்தம் கட்டிய வரலாறு, ஈரல் வருத்தம், கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கூடாது. மாதவிடாய் இன்னும் சீராகாத 13 வயதுப் பிள்ளைக்குச் சித்தியின் மிச்சக் குளிசையைக் கொடுக்கவே கூடாது.

கோயிலுக்குப் போவதா விடுவதா என்பது உங்கள் வீட்டு விடயம், நான் தலையிட மாட்டேன். கண்ணகி மதுரையை எரித்துவிட்டு வந்து இளைப்பாறிய இடம் அது என்பார்கள். கடல் தண்ணீரில் விளக்கெரியும் கோயில். நடந்து களைத்து வந்த ஒரு பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் இன்னொரு பெண்ணைத் துரத்துவாளா என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு. அம்மாவிடம் இதைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

துடக்கு நாளில் குளிக்கக்கூடாது, தலைமுழுகக்கூடாது என்கிறார்களே?

குளியுங்கள், முழுகுங்கள். தனிப் பாய், தனிக் கோப்பை என்பதில் மருத்துவம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அடுப்படி வேலையிலிருந்து ஓய்வு கிடைப்பதால் இந்த வழக்கத்தை விரும்புகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓய்வை வைத்துக்கொண்டு கோப்பையை மாற்றலாம்.

தரம் 6 இல் போடும் ஊசி எதற்கு? பிள்ளை பிறக்காமல் போகுமா?

போகாது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி அது. 2017 முதல் பாடசாலையில் இலவசம். ஆறு மாத இடைவெளியில் இரண்டு தரம். கட்டாயம் போடுங்கள்.

பிள்ளை, என் மனிசி இல்லை. மகளுக்கு 11 வயது. நான் எப்படிச் சொல்வது?

ஐயா, இந்தத் துண்டை நான் பலமுறை வாசித்தேன். போருக்குப் பிறகும், அம்மாமார் மத்திய கிழக்குக்குப் போன பிறகும், வன்னியில் உங்களைப்போல அப்பாமாரும் அப்பப்பாமாரும் நிறையப் பேர்.

வரும் முன்னர் சொல்லுங்கள். வந்தபிறகு சொன்னால் அவள் தனக்கு ஏதோ காயம் என்று பயந்து ஒளித்துவிடுவாள். நீண்ட பேச்சுத் தேவையில்லை. "உனக்கு ஒருநாள் இரத்தம் வரும், எல்லாப் பெண்களுக்கும் வருவது. வருத்தம் இல்லை. வந்தால் என்னிடம் சொல்லு, அல்லது இன்ன மாமியிடம் சொல்லு. சாமான் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது." இவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சம் என்றால் சைக்கிளில் முன்னுக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது சொல்லுங்கள். இருவரும் வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்த மாமியிடம் முதலே பேசிவையுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது கேட்டாலும் சொல்லிக்கொடுப்பார். ஒரு பக்கெட் பாட் இப்போதே வாங்கி வையுங்கள். கடைக்காரர் அதைப் பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருவார், ஏதோ கள்ளச்சாராயம் மாதிரி. நீங்கள் வாங்கி நேரே நடந்து வாருங்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் அவள் கேளாமலே அந்தத் தட்டு நிறைந்திருக்கட்டும். கேட்க வேண்டி வந்தால் அவள் கேட்க மாட்டாள், துணியைக் கிழிப்பாள்.

சாமத்திய வீடு செய்யக் கடன் எடுக்கலாமா? செய்யாவிட்டால் சனம் என்ன சொல்லும்?

சனம் இரண்டு நாள் சொல்லும். கடன் எத்தனை வருடம் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் வார்த்து, சொந்தக்காரருக்குச் சோறு போட்டு, பிள்ளையை அழகாக உடுத்திப் பார்ப்பதில் எனக்கும் ஆசைதான். மண்டபமும் வீடியோவும் பல்லக்கும் வேண்டாம் என்கிறேன். பெரியபிள்ளை ஆகிவிட்டாள் என்று ஊருக்கு அறிவித்ததும் சம்பந்தம் பேச வருகிறவர்களிடம், சட்டப்படி கலியாண வயது 18 என்று சொல்லி அனுப்புங்கள்.

அக்கா, எங்கள் மலசலகூடத்துக்குக் கதவு இல்லை. சாக்குத்தான் தொங்குகிறது. இரவில் போகப் பயம்.

பேணியின் அடியில் கிடந்த துண்டு. பாட்டைப் பற்றியும் வவுச்சரைப் பற்றியும் இவ்வளவு எழுதியபின் இதை வாசித்தேன். முதலில் வாசித்திருக்க வேண்டும். சாக்குத் தொங்கும் இடத்தில் நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எப்படி மாற்றுவது?

வீட்டில் இதைக் காட்டுங்கள். தகரமோ பலகையோ, கதவு கதவாக இருக்க வேண்டும், கீழே இடைவெளி வேண்டாம். கொக்கி உள்பக்கத்தில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில். உள்ளே உடுப்பு மாட்ட ஓர் ஆணி, பாட்டையும் பேப்பரையும் வைக்க ஒரு சிறு தட்டு, மூடியுள்ள வாளி ஒன்று, தண்ணீர் வாளி ஒன்று. வீட்டிலிருந்து அங்கே போகும் வழியில் ஒரு மின்குமிழ், அது முடியாவிட்டால் கதவருகே எப்போதும் ஒரு ரோச் லைற். காணி உறுதி இல்லாததால் கட்டவில்லை என்றால் கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுங்கள்; பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி. கடிதம் எழுதத் தெரியாவிட்டால் சனிக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். அதுவரைக்கும், தங்கச்சி, இரவில் தனியே போகாதே, அம்மாவை எழுப்பு.